செக்போஸ்ட் இந்தி

வெள்ளியங்கிரிக்கு இந்தி தெரியும் என்பது மோகனூர்ப் பக்கத்து அந்தச் சிற்றூரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆறு வருஷம் சேலத்து ஜவ்வரிசி மூட்டையை நாக்பூருக்கும் இந்தூருக்கும் ஏற்றிப்போன லாரி டிரைவர் ஆயிற்றே. கல்யாணமானதும் செல்லாயி, "நீங்க வடக்க போனா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க" என்றுவிட்டாள். அன்றிலிருந்து கரும்பு லாரிதான், ஞாயிற்றுக்கிழமை வீடுதான்.

எண்பத்தாறில் பஞ்சாயத்துக்கு டிவி வந்தது. ஞாயிறு காலையில் இந்தியில் ஒரு போலீஸ் தொடர். துப்பாக்கியும் துரத்தலுமாக ஓடும். ஒரு சொல் விளங்காது. வெள்ளியங்கிரியைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கதை சொல்லச் சொன்னார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டான் மனுஷன். அவனுக்குத் தெரிந்த இந்தி டீசல், பஞ்சர், ரொட்டி, செக்போஸ்ட்டில் கும்பிடு போடுவது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செல்லாயி முன்வரிசையில் பெருமையோடு உட்கார்ந்திருக்கும்போது எந்த வாயால் சொல்வான்? பத்து வாரம் வாய்க்கு வந்ததை அளந்தான். சமையல்காரன்தான் கொலைகாரன் என்று அடித்துச் சொல்லியும் வைத்தான்.

கொலைகாரன் பிடிபடும் வாரம் ஊரே திரண்டது. கூட்டத்தில் புதிதாக ஒரு பெண், பேங்க் ஆபீசரின் மனைவி வசந்தாமணி. நாலு வருஷம் வடக்கே இருந்தவள், இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று யாரோ சொன்னார்கள். வெள்ளியங்கிரி ஸ்டூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

நல்லவேளை, பாதி நேரம் பேச்சே இல்லை. இன்ஸ்பெக்டர் ஏறிய லாரி மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கியது. வெள்ளியங்கிரி எழுந்தே விட்டான்.

"இனி பிரேக்க நம்பப்படாதுங்க. ஒவ்வொரு கியரா கொறைக்கோணும். மலைப்பக்கமா ஒரசிக்கிட்டு வரோணும், பள்ளத்தப் பாக்கவே படாது."

சொன்னபடியே லாரி பாறையை உரசி நின்றது. இது அளந்த கதையல்ல, அவனே ஒருமுறை உயிர் தப்பிய கதை. ஊர் மூச்சு விட்டது.

பிறகு இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டியது சமையல்காரனுக்கு அல்ல, டாக்டருக்கு. டாக்டர் நீளமாக என்னவோ பேசினார். எல்லாரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவன் செல்லாயியைப் பார்த்தான்.

"அம்மிணி, நீங்களே சொல்லிருங்க" என்றான் வசந்தாமணியிடம். "எனக்கு செக்போஸ்ட்டு இந்திதானுங்க. இத்தன நாளும் சொன்னது பூராப் பொய்யி."

டிவிக்குப் பொறுப்பான சின்னண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அது எங்களுக்கு எப்பவோ தெரியுமப்பா. மூணாவது வாரம் நீ செத்துட்டான்னு சொன்ன ஆளு, அடுத்த வாரம் டீ குடிச்சுக்கிட்டு வந்தானே."

"அப்பறம் ஏனுங்க யாரும் கேக்கல?"

செல்லாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "நாந்தானுங்க ஊடு ஊடா போயி, யாரும் சிரிச்சுப்போடாதீங்கன்னு சொல்லி வெச்சேன்."

ஒரு லோடு கரும்பை மொத்தமாக இறக்கியதுபோல் இருந்தது அவனுக்கு. ஸ்டூலை வசந்தாமணி பக்கம் நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பத்து வாரத்தில் அன்றுதான் அவனும் கதை கேட்டான்.