புதன்கிழமை மூன்று மணி, இருபத்துமூன்று பிள்ளைகள்

ஃபிடெல்மா டீச்சரின் வேலைக்கு உலைவைக்கக் கிளம்பியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவரைப் புகழ ஆரம்பித்த பிறகு யாராவது குறுக்கே வந்து "நீதானேப்பா வீடு வீடா கையெழுத்து வாங்கினே?" என்று கேட்டுவைத்தால் எனக்கு அசிங்கம்.

எங்கள் கில்கோராப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு இரண்டு டீச்சர்கள். திங்களும் செவ்வாயும் ஃபிடெல்மா. வியாழனும் வெள்ளியும் டெர்வ்லா. புதன்கிழமை மட்டும் ஒரு வாரம் இவர், அடுத்த வாரம் அவர். ஒரே வேலை, ஆளுக்குப் பாதி. டெர்வ்லாவுக்கு வீட்டில் கைக்குழந்தை. ஃபிடெல்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். என் தம்பிக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அண்ணன் ஃபின்டனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஃபின்டனுக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். வாரத்தில் மூன்று நாள் பக்கத்து நகரத்தில் உள்ள பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குப் போவார். மீதி நாளெல்லாம் வீட்டில்தான்.

இந்தப் பாதி வேலைக்கு வருஷா வருஷம் வசந்த காலத்தில் பள்ளி நிர்வாகக் குழு ஒப்புதல் தர வேண்டும். பிள்ளைகளுக்கு இதனால் கெடுதல் இல்லை என்று குழு சொன்னால் தொடரலாம். இல்லையென்றால் முழு வேலைக்கு வர வேண்டும், அல்லது வீட்டோடு இருக்க வேண்டும். ஃபின்டனை விட்டுவிட்டு ஃபிடெல்மா முழு வேலைக்கு வர மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் குழுவில் தகப்பன்மார்களின் பிரதிநிதி நான்.

தெரிந்தும் ஏன் கிளம்பினேன்? என் மகள் ஈமருக்காக. ஏழு வயது. ஃபிடெல்மாவின் நாட்களில் வகுப்பிலேயே கெட்டிக்காரி, நோட்டு முழுக்க நட்சத்திரம். டெர்வ்லாவின் நாட்களில் அதே பெண் மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருப்பாள். "கவனம் இல்லை", "சொன்னதைச் செய்வதில்லை" என்று நோட்டில் எழுதி வரும். ஒரே பிள்ளை, ஒரே வாரம். கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. இரண்டு டீச்சர் இருப்பதுதான் கோளாறு.

மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு குறை இருந்தது. திங்கள்கிழமை ஜன்னல் பக்கம் உட்காரும் பிள்ளை வியாழக்கிழமை கதவுப் பக்கம் போக வேண்டும். இரண்டு டீச்சருக்கும் இரண்டு விதமான இட ஏற்பாடு. ஒரு பயல் இரண்டு மாதமாக "அந்த டீச்சர் வீட்டுப்பாடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று இருவரிடமும் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் பங்குக் கடை பெர்னிக்கு வேறு எரிச்சல்.

"புதன்கிழமை மூணு மணிக்கு வந்து பாரு ஜார்லத்" என்றாள், என் சாண்ட்விச்சில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "மகாராணிங்க ரெண்டு பேரும் மைதானத்தைச் சுத்திச் சுத்தி வாக்கிங் போறாங்க. வாய் ஓயறதே இல்ல. பாதி வேலைக்கே இவ்வளவு களைப்புன்னா முழு வேலை குடுத்தா படுத்துடுவாங்க போல."

"அப்படி என்ன பேசறாங்க?"

"ஊர் வம்புதான். வேற என்ன?"

பாதி வேலை வேண்டாம், முழுநேர டீச்சர் ஒருவர் போதும் என்ற மனுவில் பத்தொன்பது கையெழுத்து சேர்ந்தது. முதல் கையெழுத்து என்னுடையது.

ஊர்க்காரர்கள் மட்டையும் பந்துமாக ஹர்லிங் ஆடும் அந்த மைதானத்துக்குக் கோடு போடுவது என் பொறுப்பு. வழக்கமாகச் சனிக்கிழமை போடுவேன். அந்த வாரம் புதன்கிழமையே கோடு போடும் தள்ளுவண்டியில் வெள்ளைச் சாயத்தை ஊற்றிக்கொண்டு போய்விட்டேன். கூட்டத்தில் எடுத்துச்சொல்ல இரண்டு வம்பாவது என் காதில் விழாதா என்ற நப்பாசை.

மூன்று மணிக்கு மையத்தின் பஸ் ஃபின்டனைக் கேட் முன்னால் இறக்கிவிட்டது. அவர் நேராக ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோட்டின் இடது பையிலிருந்து கூழாங்கற்களை எடுத்து மடியில் பரப்பினார். ஃபிடெல்மாவும் டெர்வ்லாவும் மழைக் கோட்டோடு நடக்க ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணு!" என்று ஃபின்டன் கத்தினார். நான் திடுக்கிட்டுப்போனேன். கிடாய்க் குரல் அவருக்கு.

காற்று என் பக்கம் அடித்தது. "ஒண்ணாம் நம்பர் இன்னிக்கு கோட்டு ஜிப்பைத் தானே போட்டான்" என்றார் ஃபிடெல்மா. "நாளைக்கு நீ உதவிக்குப் போகாதே. கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும்."

பாதி மைதானம் தாண்டியதும் ஒரு கல் மடியிலிருந்து வலது பைக்குப் போனது. "ரெண்டு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருகைப் பதிவேட்டின் வரிசை. பெயர் கிடையாது, எண் மட்டும். பாதிச் சுற்றுக்கு ஒரு பிள்ளை. இருபத்துமூன்று பிள்ளைகளையும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு இப்படி நடந்தே ஒப்படைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஐந்து கிலோமீட்டர் வரும். பள்ளி விட்ட பிறகு, சொந்த நேரத்தில், தூறலில்.

"நாலு!"

"நாலுக்கு இந்த வாரம் ஒண்ணும் இல்ல" என்றார் ஃபிடெல்மா. "அஞ்சுக்குப் போயிடலாம் ஃபின்டன்."

"நாலு!" என்றார் ஃபின்டன். கல்லை விரலுக்குள் பிடித்துக்கொண்டார். பைக்குள் போடுவதாக இல்லை.

பிறகு டெர்வ்லாவின் குரல் கேட்டது. "ஒண்ணும் இல்லங்கறதே சரியில்ல டீச்சர். போன வாரமும் நாலுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் நான் சொன்னேன். ரெண்டு வாரமா ஒரு புள்ள நம்ம கண்ணுலயே படல."

"ஆமா, தப்புதான்" என்றார் ஃபிடெல்மா. "நாளைக்கு முதல்ல அவகிட்டப் போய் உக்காரு."

கல் வலது பைக்குப் போனது. நான் வண்டியைத் தள்ள மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

பதினொன்றின் வீட்டு நாய் செத்துப்போய்விட்டது. நாளைக்கு நாய்க் கதை வேண்டாம். பதினான்கு பொய் சொல்கிறான், ஆனால் பயத்தில் சொல்கிறான், திட்ட வேண்டாம். வீட்டுப்பாடப் பயலின் குட்டு முதல் வாரமே உடைந்துவிட்டிருக்கிறது. "எத்தனை நாள் தாக்குப்பிடிக்கறான் பாப்போம்" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"பதினேழு!"

"பதினேழுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்றார் டெர்வ்லா. "நீங்க சொல்ற பதினேழு வேற, என் பதினேழு வேற. கூப்பிட்டா திரும்பறதில்ல. என்னைப் பிடிக்கலையோ என்னமோ."

"பிடிக்காம என்ன? வரைஞ்ச படத்துல எல்லாம் நீதான் இருக்கே. இன்னிக்கு அப்பா பின்னின ஜடையோட வந்திருந்தா. கயிறு முறுக்கின மாதிரி ஒரு பக்கமா தொங்குது, பாவம்."

அந்த ஜடையை எனக்குத் தெரியும். மனைவி மஜெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் காலை ஷிஃப்ட் வந்தால் ஈமருக்கு ஜடை பின்னுவது நான். நான் எலக்ட்ரீஷியன். ஒயர் முறுக்கும் கை இது.

"உன்கிட்ட எங்க உக்காருவா?" என்றார் ஃபிடெல்மா.

"கதவுப் பக்கம்."

"என்கிட்ட ஜன்னல் பக்கம்." ஃபிடெல்மா நின்றுவிட்டார். "புள்ள மாறல. இடம்தான் மாறுது. நீ நாளைக்கு அவளை ஜன்னல் பக்கம் போடு. நான் திங்கக்கிழமை கதவுப் பக்கம் போடறேன்."

அடுத்த புதன்கிழமையும் போனேன். இந்தத் தடவை வம்புக்காக இல்லை. போன வாரம் போட்ட கோட்டின் மேலேயே திரும்பக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "பதினேழு!" என்று கேட்டதும் என் கால் நின்றுவிட்டது.

"ஜன்னல் பக்கம் உக்காந்தா தங்கம்" என்றார் டெர்வ்லா. "சொல்றதுக்கு முன்னாடி செஞ்சு முடிக்கறா."

"கதவுப் பக்கம் வந்தா என்கிட்டயும் மண்ணு மாதிரிதான். அங்க உக்காந்தா வகுப்பு மொத்தமும் அவளுக்கு இடது பக்கம் வந்துடுது. கவனக்குறைவும் இல்ல, அடமும் இல்ல டெர்வ்லா. இடது காது கேக்கல. பெத்தவங்களை நாளைக்கே கூப்பிடணும்."

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சாயம் கொட்டி, மைதானத்தின் நடுவில் ஒரு பசு படுத்த அளவுக்கு வெள்ளையாகிவிட்டது. அதை வைத்து பெர்னி என்னை இன்றுவரை ஓட்டுகிறாள்.

வீட்டில் ஈமர் படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, அவள் இடது காதருகே, "ஐஸ்கிரீம் வேணுமா?" என்று மெல்லச் சொன்னேன். பென்சில் நிற்கவில்லை. வலது பக்கம் போய் அதையே சொன்னேன். துள்ளி எழுந்தாள். "சாக்லேட்டா அப்பா?"

காரில் என் பின்னால் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தால் வாயாடித் தள்ளுவாள். அவளுடைய வலது காது என் பக்கம். சாப்பாட்டு மேஜையில் என் வலப்பக்கம் உட்காருவாள். இடது காது என் பக்கம். அங்கே "எத்தனை தடவை கூப்பிடறது, செவிடா நீ?" என்று நான் கத்தியிருக்கிறேன். என் கண் முன்னாலும் இரண்டு இடம் இருந்தது. இரண்டு இடத்திலும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். பார்த்து என்ன புண்ணியம்? நான் அழுதேன். ஈமர் ஐஸ்கிரீம் இல்லையென்றாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே ஃபிடெல்மாவின் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்துக் காட்டினேன்.

"தெரியும் ஜார்லத்" என்றார். "இந்த ஊர்ல எது மறையும்? டீ குடிங்க."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வந்துது. ரெண்டு நாள் தூங்கல. இந்த வேலை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஆனா பெத்தவங்க கேள்வி கேக்கணும். எங்க அம்மா கேக்கல." அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இவன் என்னைவிட ஒரு வயசு பெரியவன். இதே பள்ளிக்கூடம். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுட்டுத்தான் போனோம். வாசல்லயே நிறுத்திட்டாங்க. பதிவேட்டுல இவனுக்கு நம்பர் கிடையாதுன்னாங்க. நான் மட்டும் உள்ள போனேன். ஜன்னல் வழியா பாத்தா, அம்மா இவனைக் கூட்டிட்டுத் திரும்பிப் போறாங்க. நாங்க நடக்க ஆரம்பிச்ச முதல் புதன்கிழமை, சும்மா உக்காந்திருப்பானேன்னு இவன்கிட்ட கல்லைக் குடுத்தேன். இப்ப யாரையும் விட மாட்டேங்கறான்."

டீ ஆறிப்போய்விட்டது.

மறுநாள் குழுக் கூட்டம். எட்டுப் பேர். தலைவர் ஃபாதர் எண்டா என்னைப் பார்த்து, "பெத்தவங்க கருத்து என்ன ஜார்லத்?" என்றார். எழுந்து நின்று மனுவை முழுக்கப் படித்தேன். மற்ற பதினெட்டுப் பேர் என்னை நம்பிக் கொடுத்தது, மறைக்க எனக்கு உரிமையில்லை. படித்து முடித்துவிட்டு, முதல் கையெழுத்தை எல்லோரும் பார்க்கப் பேனாவால் அடித்தேன். பிறகு என் பெண்ணின் காதைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு டீச்சர் மட்டும் இருந்திருந்தா, ஒரு இடம்தான். ஒண்ணு, அவ கெட்டிக்காரி, இல்ல மக்கு. அத்தோட முடிஞ்சிருக்கும் ஃபாதர்."

"உன் புள்ளைக்கு நல்லது நடந்துது, சரி. மத்த புள்ளைங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

"புதன்கிழமை மூணு மணிக்கு மைதானத்துப் பக்கம் வாங்க" என்றேன். "உங்க பையனுக்கும் ஒரு கல்லு இருக்கு."

ஐந்துக்கு மூன்று. ஒப்புதல்.

அடுத்த புதன்கிழமை மைதானத்தின் மறுமுனைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்ப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கே பேச்சு கேட்காது. கேட்கவும் கூடாது, அது அவர்கள் இரண்டு பேருக்குமான பேச்சு. ஃபின்டனின் குரல் மட்டும் வந்தது. நாலு. பதினொன்று. பதினாறு. நண்பகல் மாதாகோயில் மணி அடித்து ஊரே ஜெபத்துக்குத் தொப்பியைக் கழற்றும்போதுகூடக் கழற்றாதவன் நான்.

"பதினேழு!"

கழற்றிக்கொண்டேன். அந்தக் கல் வலது பைக்குள் போகும்வரை அப்படியே நின்றேன்.