உண்ணியக்காவின் வெள்ளைத் துணி

என் அண்ணி வேலைக்குக் கிளம்பும் கோலத்தை முதல்முறை பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. வெள்ளைக் கால்சட்டை, அதன் முனைகளை உள்ளே திணித்து முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, வெள்ளை முழுக்கைச் சட்டை. தோளில் ஒரு கழி, கழியில் சுருட்டிய வெள்ளைத் துணி. சரணடையப் போகிற சிப்பாய் மாதிரி இருப்பார். சுகாதாரத் துறையின் பூச்சி ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. புல் மண்டிய இடங்களில் அந்தத் துணியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் நின்று துணியைத் திருப்பிப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுவார். எந்த இடத்தில் எவ்வளவு உண்ணி, அவற்றின் வயிற்றில் என்ன கிருமி என்று பிறகு ஆய்வுக்கூடம் பார்த்துச் சொல்லும்.

கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அண்ணன் வந்து நின்றபோது, “ஊர்ல வேற பொண்ணே கிடைக்கலையா? உண்ணி பொறுக்கற பொண்ணுதான் கிடைச்சுதா?” என்று கேட்டவள் நான். நாத்தனார் என்றால் கொஞ்சமாவது வாய் வேண்டாமா? எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. அண்ணி அதைக் கேட்டும் கேளாதவராக இருந்தார். கல்யாணமாகி வந்து, எங்கள் தெருவிலேயே குடியேறி, அடுத்த வாரமே துணியும் கழியுமாகத் தெருமுனையில் நடந்துபோனார். தெரு அவருக்கு உண்ணியக்கா என்று பெயர் வைத்தது.

அந்தத் துணியைத் தைத்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவர் கார், பஸ், வேன்களுக்கு சீட் தைக்கிறவர். துணியின் முன் ஓரத்தில் கழி நுழைய மடிப்பு, பின் ஓரம் காற்றில் தூக்காமல் இருக்க உள்ளே சின்னச் சின்ன ஈய உருண்டைகள் என்று அண்ணி சொல்லச் சொல்ல, இவர் பட்டறையில் இருக்கும் பெரிய மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். அதில் இவருக்கு ஒரே பெருமை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “சுகாதாரத் துறைக்கே நான்தான் தைக்கறேன்” என்று அளப்பார்.

உண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். “அது பாவம். பொறந்ததுலேருந்து சாகறவரைக்கும் மொத்தமே மூணு வேளைதான் சாப்பாடு” என்பார். குஞ்சாக ஒரு முறை, வளரும்போது ஒரு முறை, முட்டையிடுவதற்கு முன் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் யார் ரத்தத்தையாவது குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சருகுக்கடியில் கிடந்து தோலுரித்து, மறுபடி புல் ஏறும்.

“முதல் வேளை எலிகிட்ட குடிக்கும்போது எலி உடம்புல கிருமி இருந்தா, அதையும் சேர்த்துக் குடிச்சிரும். அடுத்த வேளை நம்மகிட்ட வந்தா நமக்குக் கொடுத்துட்டுப் போகும். அதுக்குன்னு ஒரு கெட்ட எண்ணமும் இல்ல.”

“அப்ப தட்டு போட்டு உட்கார வைங்க” என்பேன் நான்.

“அது நம்மளைத் துரத்திக்கிட்டு வராது. புல் நுனியில ஏறி, முன்னங்காலை நீட்டிக்கிட்டு நிக்கும். நாம பஸ் ஸ்டாப்புல கையை நீட்டிக்கிட்டு நிக்கறோமே, அதே மாதிரி. எது உரசிக்கிட்டுப் போகுதோ அதுல தொத்திக்கும்.”

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே சோதனை உண்டு. காதுக்குப் பின்னால், கழுத்து, முழங்கால் மடிப்பு. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். நான் முறைப்பேன். “என் கழுத்துல சங்கிலியைத் தவிர ஒண்ணும் இல்ல அண்ணி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர் முன்னால் நான் ஒரு நாளும் குனிந்தது கிடையாது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். ஓரத்தில் ஒரு பெரிய மரம். சுற்றுவட்டார மாடுகளெல்லாம் அங்கேதான் மேயும். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் அந்த மரத்தடிப் புல்லில் ஒரு தூக்கம் போடுவார். அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்காகவே, அங்கேயும் துணியை இழுத்துப் பார்த்தார். துணி போட்டது போட்டபடி வெள்ளையாகவே வந்தது. பிறகும் சில முறை பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை.

“தாராளமா படுங்க அண்ணா. அங்க உண்ணி இல்ல” என்றார் இவரிடம்.

“நான் தச்ச துணியாச்சே, பொய் சொல்லுமா?” என்றார் இவர்.

அதன்பிறகு சாலையில் மாட்டால் ஏதோ விபத்து நடந்து, நகர நிர்வாகம் வண்டி கொண்டுவந்து மாடுகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சாணி நாற்றம் போயிற்று என்று தெருவே சந்தோஷப்பட்டது. மைதானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. இவர் மரத்தடியில் மட்டும் மிதித்துப் படுக்கை போட்டுக்கொண்டார். அண்ணி அப்போது ஊருக்கு வெளியே காட்டோரத்தில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தலைவலி என்றார். கண்ணைத் திறக்க முடியாத தலைவலி. கழுத்திலும் நெற்றியிலும் தைலம் தேய்த்தேன். காய்ச்சல் ஏறியது, இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா நல்லவர், நிதானமானவர். எங்கே போனார், என்ன தண்ணீர் குடித்தார், வீட்டில் நாய் உண்டா, உண்ணி ஏதாவது கடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“உண்ணியா? எங்க வீட்டுலயா?” என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “எங்க அண்ணிக்கு வேலையே அதுதான், டாக்டர். அவங்களே துணி போட்டுப் பார்த்துட்டாங்க. எங்க பக்கம் ஒண்ணுகூட இல்ல.” படுத்திருந்த இவரும் தலையாட்டினார். டாக்டரம்மா ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவரை எப்படிக் குறை சொல்வது? உண்ணிக்காரர் வீட்டு ஆட்களே சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஊசி மாற்றிப் பார்த்தார்கள், மருந்து மாற்றிப் பார்த்தார்கள். இவருக்கு மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. பேச்சு குழற ஆரம்பித்தது. என்னைப் பார்த்து, “சீட்டுக்கு என்ன கலர் வேணும்?” என்று கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணிக்கு ஃபோன் போட்டு அழுதேன்.

அண்ணி ஆறுதல் சொல்லவில்லை. “மைதானத்துல மாடெல்லாம் மேயுதா?” என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். “இங்க மனுஷன் உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கார். நீங்க மாட்டை விசாரிக்கறீங்களா?”

“சொல்லு. மேயுதா, இல்லையா?”

“எல்லாத்தையும் புடிச்சிட்டுப் போய் எவ்வளவோ நாளாச்சு.”

“டாக்டர் உண்ணி பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டோம். நீங்கதானே சொன்னீங்க?”

“ஃபோனை டாக்டர்கிட்ட கொடு. இப்பவே கொடு.”

டாக்டரம்மா கையில் உறை போட்டிருந்ததால் ஃபோனை நானே பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டேன். நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், அவரைப் பார்க்க வந்தவர்கள் என்று வார்டு முழுக்கக் கேட்டது. அண்ணி பூசி மெழுகவில்லை. தன் வேலை என்ன, எந்த ஆய்வுக்கூடம் என்று சொல்லிவிட்டுப் போட்டு உடைத்தார்.

“அங்க உண்ணி இல்லன்னு இவங்ககிட்ட சொன்னது நான் டாக்டர். நான் சொன்னது தப்பு. அப்ப மாடு இருந்துச்சு. உண்ணியெல்லாம் மாட்டு மேல இருந்திருக்கு, அதனால என் துணிக்கு வரல. பஸ் வந்துக்கிட்டே இருந்தா ஸ்டாப் காலியாத்தான் இருக்கும். காலி ஸ்டாப்பைப் பார்த்துட்டு ஊர்ல ஆளே இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப மாடு போயிருச்சு. சருகுல விழுந்து தோலுரிச்சதெல்லாம் பசியோட மேல ஏறி நிக்கும். அண்ணா தினமும் அங்கதான் படுக்கறார். தயவுசெஞ்சு உண்ணிக் காய்ச்சலுக்குப் பாருங்க.”

டாக்டரம்மா இவரைப் புரட்டிப் படுக்கவைத்து உச்சந்தலையிலிருந்து தேட ஆரம்பித்தார். பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. நான் தைலம் தேய்த்த கழுத்துதான். “கடிச்ச இடம் இதுதான்” என்றார். “ரத்தப் பரிசோதனை வர நாளாகும். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்பவே ஆரம்பிச்சிரலாம்.” ஒன்றும் புதுமையான மருந்து இல்லை. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிற பழைய மருந்துதான்.

அண்ணி வேலை உடுப்போடேயே வந்து சேர்ந்தார். காலுறை எல்லாம் சேறு. கட்டிலருகே உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அன்று முழுக்க ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் இவர் உடம்பு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்து, “என்ன தங்கச்சி, துணி கிழிஞ்சிருச்சா? தச்சுத் தரவா?” என்றார். அதுவரை கல்லாக நின்றவர் அப்போதுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

இவர் வீடு திரும்புவதற்கு முன்பே அண்ணி மைதானத்தில் துணி இழுத்தார். நானும் கூடப் போய் ஓரமாக நின்றேன். முதல் திருப்பலிலேயே துணியில் எள் இறைத்தது போல இருந்தது. அத்தனையும் மெல்ல நகர்ந்தன. ஆய்வுக்கூடம் கிருமி இருக்கிறது என்று உறுதி செய்தது. நகர நிர்வாகத்தார் புல்லை வெட்டி, பாதை ஒதுக்கி, எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அண்ணி விடவில்லை. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கி, “முன்னாடி நான் இல்லன்னு சொன்னது தப்பு. அங்க போறவங்க கழுத்து, காது, முழங்கால் எல்லாம் தினம் பாருங்க. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட மைதானத்தைப் பத்திச் சொல்லுங்க” என்று சொன்னார். இஸ்திரிக் கடைக்காரர் மட்டும், “இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருஷமா துணி இழுத்தீங்களா?” என்று நக்கலடித்தார். நான் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். என் அண்ணியைச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு, அதையும் நான் விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏதோ காய்ச்சல் என்று முடிந்திருக்கும், இவரும் முடிந்திருப்பார். வேலை செய்கிற துறையின் பெயரையும் சொல்லி, முன்பின் தெரியாத வார்டு முழுக்கக் கேட்க, தப்பு என்னுடையது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்த மனத்துக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் நானே போய் அவர் வாசலில் நிற்கிறேன். சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூந்தலை முன்னால் தள்ளிவிட்டுக் குனிகிறேன். அவர் விரல்கள் காதுக்குப் பின்னாலும் பின்கழுத்திலும் மெதுவாகத் தேடுகின்றன.

“இன்னைக்கு எதுவும் கண்ணுல படல” என்கிறார்.

“இல்லன்னு சொன்னா என்னவாம்?” என்கிறேன் நான், குனிந்தபடியே.

“சொல்ல மாட்டேன். நாளைக்கும் வா.”

எனக்குப் பின்னால், சட்டைக் காலரை இறக்கிவிட்டுக்கொண்டு, தன் முறைக்காக என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கிறார்.