ஒன்றரை மீட்டர் குழி

பிளம்பருக்கு வயது அறுபத்திரண்டு. கால்வாய்க்கு இந்தப் பக்கம் அவர் வீடு. அந்தப் பக்கம் இருபது மாடிக் கட்டடம். அதன் தரைத்தளத்தில் டயாலிசிஸ் மையம். கல்லை விட்டெறிந்தால் அதன் கண்ணாடியில் விழும். மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால் மூன்று கிலோமீட்டர் சுற்று, ஐம்பது நிமிடம். பாதி வழிக்கு ரோடே கிடையாது. ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள்.

கட்டடம் எழும்பியபோது, அக்கம்பக்கத்து வசதிகளுக்கென்று கட்டுமான நிறுவனம் நகராட்சியிடம் ஒரு தொகை செலுத்தியது. அதில் கால்வாய்க்கு நடைபாலம் என்று முடிவானது. ஐந்து வருடத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் தொகை நிறுவனத்துக்கே திரும்பிவிடும். கோப்பு மேசைக்கு மேசை தூங்கி எழுந்தது. கடைசி வாரத்தில் பாலத்து ஒப்பந்தக்காரர் பிளம்பரிடம் கையை விரித்தார். "ஆளே கிடைக்கலைங்க. நீங்களே ஒரு குழி தோண்டுங்க, என் வேலையா காட்டிக்கிறேன்."

வெளியூரில் இன்ஜினியராக இருந்த மகள் வரைபடத்தைப் பார்த்துப் போனில் சொன்னாள். "ஒரே ஒரு அஸ்திவாரக் குழி முழு ஆழத்துக்கு இருந்தாப் போதும்ப்பா. ஒன்றரை மீட்டர். வேலை தொடங்கினதா எடுத்துக்குவாங்க."

கெடு முடியும் நாளே மனைவிக்கு டயாலிசிஸ் நாள். முந்தைய முறை மழையில் வழி அடைபட்டுத் தவறியிருந்தது. நர்சிடம் கெஞ்சி, மாலை ஐந்து மணிக்குக் கடைசி இடம் வாங்கினார். நாலு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

காலையில் கடப்பாரையோடு இறங்கினார். மனைவி கரையில் நாற்காலியில் இருந்தாள். எதிர்க்கரையிலிருந்து கட்டடத்து வாட்ச்மேன் கத்தினார். "அண்ணே, புதையல் கிடைச்சா பாதி எனக்கு!"

"முதல்ல உன் கேட்டைப் பாருய்யா!" என்று மனைவிதான் பதில் கொடுத்தாள். அதற்கே அவளுக்கு இரைத்தது.

மூன்றரைக்குக் குழி முடிந்தது. நகராட்சி மேற்பார்வையாளர் வந்து டேப்பை இறக்கினார். குழியின் பக்கச்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேல இருக்கிற இந்த அடுக்கு கணக்குல வராது ஐயா. கட்டடத்துக்காரங்க கொட்டின செங்கல் தூள். பழைய தரையிலிருந்துதான் அளக்கணும். நாற்பது சென்டிமீட்டர் குறையுது."

"நாளைக்குக் காலையில முடிச்சிடுறேன் சார்."

"நாளைக்கு இந்தக் கோப்பே இருக்காது. அஞ்சு மணிக்குள்ள நான் போட்டோ அனுப்பணும்."

பிளம்பர் மேலே ஏறினார். மனைவியின் பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் கிடந்தது.

"கிளம்பலாம்மா. பாலம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

"மூணு வருஷமா தள்ளுறீங்க. இன்னிக்கு விட்டா நான் சாகிற வரைக்கும் தள்ளணும். இறங்குங்க."

"உனக்கு மூச்சு வாங்குதே."

"தோண்டுறது நீங்க, மூச்சு வாங்குறது எனக்கா? நல்லா இருக்கே நியாயம். இறங்குங்கங்கிறேன்."

இறங்கினார். அடியில் களிமண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை ஒரு விரல்கடை இறங்க நாலு குத்து வேண்டியிருந்தது. இடையிடையே தலையை நிமிர்த்தி, "இருக்கியா?" என்று கேட்டார். "எங்கே போகப் போறேன்?" என்றாள். அப்புறம் கையை மட்டும் ஆட்டினாள். மேற்பார்வையாளர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண் கூடையை வாங்கிக் கொட்டினார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டேப் சரியாக நின்றது. போட்டோ போனது.

பிளம்பர் மண் கையோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மையத்தின் ஷட்டர் இறங்கியிருந்தது. வாட்ச்மேன் நர்சுக்குப் போன் போட்டார், ஆம்புலன்சுக்குப் போட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் தலை பிளம்பரின் கைமேல் சாய்ந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் குழி தெரிந்தது.

பாலம் இப்போது இருக்கிறது. நாற்பது காலடியில் அக்கரை.

ஆழம் ஒன்றரை மீட்டர் என்று மகள் சொன்னது சரிதான். எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதும் அதே வரைபடத்தில், ஓரத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. அதை அவள் படிக்கவில்லை. அப்பா இதுவரை கேட்கவும் இல்லை.