பிஷப்புக்கு விழாத ஓட்டு

டெல் தோர்சன் இறந்தபோது அவன் உடலுக்குச் சபை வழக்கப்படி கோயிலில் அணியும் வெள்ளுடுப்பை உடுத்திவிட்டவர் லாமார் ஆல்ரெட். அப்போது அவர்தான் சபைக்குப் பிஷப். சம்பளமில்லாத வேலை. பகலில் வைக்கோல் கட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார், சாயங்காலம் ஊராரின் கண்ணீரைத் துடைப்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்லின் மனைவி வெர்லீன் வீட்டு வாசலில் பிளந்த விறகு அடுக்கியிருக்கும். கொண்டுவந்து போட்டது யார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பதவிக்காலம் முடிந்த பிறகும் அவள் அவரைப் பிஷப் என்றே கூப்பிட்டாள். யூட்டாவின் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அப்படித்தான்.

நான்கு வருஷம் கழித்து, மாவட்ட ஆணையர் பதவிக்கு லாமார் நின்றார். எதிரே அதே கட்சியில் மாட்டு வைத்தியர் ஜூடித் ப்ரெஸ்காட். மொண்டானாவிலிருந்து வந்து குடியேறியவள், காபியைத் தொடாத அந்தச் சபையைச் சேராதவள். கட்சி மாநாட்டில் நூற்றுக்கு அறுபது ஓட்டு வாங்கினால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஜூன் மாதம் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும். அந்தப் பக்கம் வேறு கட்சிக்கு ஆளே இல்லை, கட்சியில் ஜெயித்தவருக்குத்தான் பதவி. தங்கள் தெருக்களின் சார்பாக மாநாட்டுக்குப் போக அக்கம்பக்கத்தார் வெர்லீனைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது வருஷமாகப் பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள், யார் மனதையும் நோகடிக்காதவள் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

டெல்லின் தம்பி ஓரினும் மாநாட்டுக்குப் போகிறவன்தான். "யோசிக்க என்ன அண்ணி இருக்கு? ஒரு பக்கம் நம்ம பிஷப். இன்னொரு பக்கம் வண்டியிலயே ஃபிளாஸ்க் வச்சுக் காபி குடிக்கிற பொம்பள" என்றான்.

"உன் பசுவுக்குக் கன்னு குறுக்க மாட்டிக்கிட்டப்ப அந்தக் காபிக்காரியத்தான கூப்பிட்ட?"

"அது மாட்டு விஷயம் அண்ணி. இது மனுஷ விஷயம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைத் தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தை இப்போதைய பிஷப் வாசித்தார். சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்காது, நேர்மையானவர்களை ஜெபித்துத் தேர்ந்தெடுங்கள் என்பது சாரம். ஆராதனை முடிந்து நடைக்கு வருவதற்குள் மூன்று பேர் வெர்லீனின் கையைப் பிடித்து அழுத்தினார்கள். "பிஷப்பக் கைவிட்டுராதீங்க சகோதரி."

அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. போன அக்டோபரில், ஊர்க் கிணற்றில் பண்ணைக் கழிவு கலந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரில் சமைக்காதே என்று பள்ளிக்கு உத்தரவு வந்தது. அந்தச் சோதனை அறிக்கையின் நகலை ஜூடித் அவளிடம் காட்டியிருந்தாள். அதில் போட்டிருந்த தேதி மார்ச். ஊர் மன்றத்தில் தண்ணீர்ப் பொறுப்பு லாமாருடையது. கிணற்றை ஒட்டிய பால் பண்ணை அவர் மருமகனுடையது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, கோடை விடுமுறை போக, அந்தத் தண்ணீரில்தான் வெர்லீன் சூப் வைத்தாள், பிள்ளைகளுக்குப் பழரசப் பொடி கலக்கினாள். யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு நாள் வேலை முடிந்ததும் நேரே அவருடைய பட்டறைக்குப் போனாள்.

"அந்த அறிக்கை மார்ச்சுலயே வந்துருச்சா பிஷப்?"

லாமார் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "வந்துச்சு" என்றார்.

"ஏன் சொல்லல?"

"இன்னொரு தடவ சோதிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். சொன்னா மறுநாளே பண்ணைய மூடிருப்பாங்க. என் பொண்ணுக்கு நாலு குழந்தைங்க, வெர்லீன்."

"நான் அந்தத் தண்ணியிலதான சமைச்சேன்."

"ஜெபம் பண்ணித்தாம்மா அந்த முடிவுக்கு வந்தேன்."

அவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டுத் தீர்த்திருப்பாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாநாட்டுக்கு முந்தின ஞாயிறு நாள் முழுக்க உபவாசம் இருந்து, கட்டிலருகே மண்டியிட்டாள். ஜெபத்துக்குப் பதில் வரும்போது நெஞ்சுக்குள் ஓர் இளஞ்சூடு பரவும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அது பழக்கம். அன்று முழங்கால் வலித்தது, அவ்வளவுதான். லாமாருக்கு வந்த பதில் பதிலா, தனக்கு இதுவரை வந்ததெல்லாம் பதிலா என்று நினைத்ததும் பயந்துபோய் எழுந்துவிட்டாள்.

மாநாட்டில் லாமார் நன்றாகவே பேசினார். பேச்சின் நடுவில் கூட்டத்தில் அவளைக் கண்டுகொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சீட்டை வாங்கி, ஜூடித்தின் பெயருக்கு நேரே குறியிட்டு, இரண்டாக மடித்துப் போட்டாள்.

லாமாருக்கு அறுபது சதவீதம் கிடைக்க இரண்டு ஓட்டுக் குறைந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஓரின் வழிமறித்தான். "நீங்க யாருக்கு அண்ணி போட்டீங்க?"

ரகசிய ஓட்டு. சொல்ல வேண்டிய அவசியமில்லை. "ஜூடித்துக்கு" என்றாள்.

"அண்ணனுக்குக் கடைசியா உடுப்பு மாட்டிவிட்ட மனுஷன் அவரு!"

"எனக்கு ஞாபகப்படுத்துறியா ஓரின்? நான் கதவுக்கு வெளியதான நின்னுட்டிருந்தேன்."

ஜூனுக்கு முன் நடந்த விவாதக் கூட்டத்தில் அறிக்கை விஷயம் வெளியே வந்தது. லாமார் மறைக்கவில்லை. தப்புதான் என்று எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜூன் ஓட்டெடுப்பில் நாலில் மூன்று பங்கு ஓட்டு அவருக்கே விழுந்தது. நவம்பரில் தபாலில் வந்த ஓட்டுச் சீட்டில் ஆணையர் பதவிக்கு அவர் பெயர் மட்டுமே இருந்தது. வெர்லீன் மற்றதையெல்லாம் நிரப்பி, அதை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்பினாள்.

சபையில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓரினின் மனைவி ஷானா மட்டும் அவள் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டு நாலு பெஞ்சு முன்னால் போய்விட்டாள்.

ஆணையரானதும் லாமார் முதல் காரியமாகப் பள்ளிக்குப் புதுக் கிணறு தோண்டவைத்தார். தண்ணீர் வந்த அன்று சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.

"நீ எனக்குப் போடலன்னு ஓரின் சொன்னான்."

"ஆமா பிஷப்."

"கோவமில்லம்மா. மனசுல உள்ளத எங்கிட்ட நேர்ல சொல்லிருக்கலாமேன்னுதான்."

"பட்டறைக்கு வந்து கேட்டேனே."

லாமார் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.