மேடைக்குப் பின்னால் ஒரு வாரம்

ஒரு வார லீவு கேட்டு டீமேக்கர் ஐயாவின் முன்னால் போய் நின்றபோது காரணத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் முழுப் பொறுப்பும் அவருடையது. நான் அங்கே மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற பகுதியில் வேலை செய்கிறேன்.

"ஒரு கெழமையா? எங்க போற?"

"கொழும்புக்குங்க ஐயா. வீட்டுக்காரிக்கு அங்க பாட்டுக் கச்சேரி."

"அவங்க பாடுவாங்கன்னு தெரியும். நீ என்னா வாசிக்கப் போற?"

"நான் பிள்ளையை வச்சுக்கப் போறேங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அதுதான் கஷ்டமான வேலை. போயிட்டு வா" என்றார். சிரித்தவர்கள் மற்றவர்கள்தான். மாடியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு பால்போத்தலைக் கையில் பிடித்து ஆட்டுவதுபோல் எனக்கு நடித்துக் காட்டினார்கள்.

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் என் மனைவி முன்பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஹட்டனில் உள்ள ஓர் இசைக்குழுவில் பாடுகிறாள். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று அழைப்பு வரும். குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். அவர்தான் ஒரு மாலை போனில் கூப்பிட்டார். கொழும்பில் கடலோர மைதானம் ஒன்றில் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கப்போகிறது, ஒரு வாரம் தினமும் மாலையில் இசை நிகழ்ச்சி, இந்தியாவிலிருந்து நாளுக்கொரு பாடகர் வருகிறார், எல்லோருக்கும் எங்கள் ஹட்டன் குழுதான் வாசிக்கப் போகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"கோரஸுக்கு நீ வேணும் தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒனக்குன்னு தனியா ஒரு பாட்டும் பேசி வாங்கியிருக்கேன்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிலைப் பார்த்தாள். மகளுக்கு அப்போது ஏழு மாதம். பகலில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வரலாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போக முடியுமா?

"நானும் வர்றேன்" என்றேன்.

"வந்து?"

"நீ பாடு. நான் இவளைப் பார்த்துக்கிறேன்."

இதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. பிரசவம் ஆபரேஷன் செய்துதான் நடந்தது. அதன் பிறகு பாடும்போது மூச்சு முன்போல் நிற்கவில்லை. அவள் தனியாகப் பாடத் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய சினிமாப் பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஒரு வரி மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் சுழன்று, அதே மூச்சில் இறங்கி வரவேண்டும். காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்க்குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் அதைப் பாடிப் பார்ப்பாள். பாதியில் அறுந்துவிடும்.

"முந்தியெல்லாம் அது பாட்டுக்குப் போகும்ங்க. இப்ப வயித்துல பிடியே இல்ல."

"நடுவுல ஒரு தடவை மூச்சு எடுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

ஹட்டனிலிருந்து குழுவின் வேனில் போனோம். பிள்ளைக்குக் குளிரும் என்று கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், காலுறை என்று ஒரு பை நிறைய எடுத்து வைத்திருந்தேன். அவிசாவளையைத் தாண்டும்போதே பிள்ளையின் முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. அதன்பிறகு அந்தப் பை ஒரு வாரமும் திறக்கப்படவே இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் மேல்மாடி அறை கொடுத்தார்கள். மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது. மறுநாளே பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. பிறந்ததிலிருந்து குளிரை மட்டுமே கண்ட உடம்பு. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து விட்டேன். துடைக்கும்போது சிரிப்பாள், துணியை எடுத்ததும் அழுவாள்.

மேடைக்குப் பின்னால் நான் கண்டது வேறோர் உலகம். கையளவு தடிமனில் மின்கம்பிகள், இரும்புச் சட்டங்கள், இரைகிற ஜெனரேட்டர், அவசரமாகப் போய்வருகிற ஆட்கள். அதற்கு நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆம்பிளை. முதல் நாள் மனைவியின் பழைய சேலையை ஓர் இரும்புக் குழாயில் தொட்டிலாகக் கட்டப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"தம்பி, அதுல கட்டாதீங்க! பூரா கரண்டு!"

நடனம் ஆடுகிற பெண்களுக்குச் சேலை மடித்துப் பின் குத்திவிட வந்திருந்த அக்கா அவர். ஐம்பது வயதிருக்கும், கொட்டாஞ்சேனைக்காரர். வாயில் நாலைந்து பின்களைக் கடித்துக்கொண்டே பேசுவார். உடைமாற்றும் கூடாரத்தில் இரண்டு மரத்தூண்களைக் காட்டி, தொட்டிலை அங்கே அவரே கட்டிக் கொடுத்தார். பாட்டுகளுக்கு நடுவில் என் மனைவி ஓடிவந்து பால் கொடுக்கும்போது, கூடார வாசலில் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது உள்ளே வந்தால், "கொஞ்சம் நில்லுங்க, இங்க இன்னொரு கச்சேரி நடக்குது" என்பார்.

பின்னாலிருந்து கேட்டால் பாட்டு பாட்டாகக் கேட்காது. ட்ரம்ஸின் அடியும் பேஸ் கிட்டாரின் அதிர்வும் பலகை வழியாக வந்து காலில் ஏறும். ஆயிரம் பேர் கைதட்டுவது மழை பெய்வதுபோல் கேட்கும். மனைவியின் முதுகும், பின்னலும், தாளத்துக்கு எழும்பி அமர்கிற குதிகாலும் தெரியும். அவள் குரலை மட்டும் அந்தச் சத்தத்திலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. பாடகியின் புருஷன் நான். கொழும்பில் அந்த மாலைகளில் அவள் பாடிய எதையும் நான் கேட்கவில்லை.

அவளுடைய பாட்டுக்கென்று குறித்த நாள் வந்தது. காலையிலிருந்தே சீரகம் போட்ட வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, கடல் பக்கமிருந்து மழை வந்தது. எங்கள் மலை மழைபோல் நின்று நிதானமாகப் பெய்கிற மழை இல்லை அது. ஒரே வீச்சாக அடித்தது. ஸ்பீக்கர்களைத் தார்ப்பாயால் மூட ஆளாளுக்கு ஓடினார்கள். பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு நானும் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன். மழை விட்டு மறுபடி தொடங்கியபோது பாதி நேரம் போயிருந்தது. அவள் பாட்டை நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"நாளைக்குப் பார்ப்போம் தங்கச்சி" என்றார் மாஸ்டர்.

மறுநாள் வந்த பாடகருக்கு ரசிகர்கள் அதிகம். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவர்கள் கத்த, அவரும் சலிக்காமல் பாடினார். நல்ல மனிதர், முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார், என் மகளின் விரலையும் பிடித்துக் குலுக்கினார். ஆனால் பொலிஸ் கொடுத்த அனுமதி நேரம் முடிந்துவிட்டது. அவள் பாட்டு மறுபடியும் போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரே மாஸ்டரைக் கூப்பிட்டு, இனிமேல் நிரலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் அதைச் சொல்ல எங்கள் அறைக்கு ஏறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் கேட்டுப் பார்த்தேன் தங்கச்சி. அவரும் பாவம், மழையில சாமானெல்லாம் நனைஞ்சு போச்சு, தூங்கிப் பல நாளாச்சு. அவர்கிட்ட என்னத்தச் சண்டை போடுறது?"

"பரவாயில்ல மாஸ்டர்" என்றாள் அவள்.

அவர் படி இறங்கிப் போன பிறகுதான் உடைந்தாள்.

"ஒரு பாட்டுக்காகப் பிள்ளையை இந்த வெக்கையில கொண்டாந்து போட்டு வச்சிருக்கேன். உடம்பு பூரா எப்படித் தடிச்சுப் போயிருக்குன்னு பாருங்க. நீங்க வேலையை விட்டுட்டு வந்து சேலைக் கூடாரத்துல குந்திக்கிட்டு இருக்கீங்க. என்னாத்துக்குங்க இதெல்லாம்? வாங்க, காலையில பஸ் ஏறிருவோம்."

எனக்கும் போய்விட ஆசைதான். அந்த அறையின் வெக்கை என் தலைக்குள்ளேயே ஏறியிருந்தது. ஆனாலும் இப்படியே ஊருக்குப் போனால், குழாயடியில் குடம் வைக்கும்போது இவள் வாயைத் திறப்பாளா என்று யோசித்தேன். அதை அப்படியே சொல்ல வரவில்லை.

"கோரஸுக்கு ஆள் இல்லாம மாஸ்டர் என்னா செய்வாரு? முடிச்சிட்டே போவோம்" என்றேன்.

அவள் பிள்ளைக்குப் பவுடர் போடத் தொடங்கினாள். பஸ் ஏறுகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கடைசி நாள் பகலில் மைதானத்துக்குப் போனோம். மழையில் நனைந்த ஸ்பீக்கர்களில் ஏதோ கோளாறு. ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர் சிங்களவர். வத்தளையிலோ எங்கோ வீடு. தமிழ் ஓரளவு பேசுவார். மைதானத்தின் நடுவில் மேசை போட்டு, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே ஒவ்வொரு பொத்தானாகத் திருகிக்கொண்டிருந்தார். குழுவினர் மேடை ஓரத்து நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தார்கள். பாடகர் வர இன்னும் நேரம் இருந்தது. என் மனைவி மைக்கில் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நங்கி" என்று கூப்பிட்டார் அவர். தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். "ஹலோ போதாது. ஒரு பாட்டு பாடுங்க. முழுப் பாட்டு. எங்க கரகரக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"என்னா பாட்டு?"

"ஒங்களுக்கு விருப்பமான பாட்டு."

அவள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டரின் வலதுகை முழுக்கச் சோறும் குழம்பும். அவர் கழுவக்கூடப் போகவில்லை. எழுந்து வந்து வலதுகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடதுகையால் சுருதியைக் கொடுத்தார். அவள் தொடங்கினாள்.

நான் அப்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுக்கிக் கிடந்த பிளாஸ்டிக் கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த வாரத்தில் மேடைக்கு முன்னால் நான் நின்றது அப்போதுதான். இரண்டு பக்கமும் நின்ற ஸ்பீக்கர் கோபுரங்களிலிருந்து அவள் குரல் வந்தது. மகள் விறைத்துப்போய்க் கேட்டாள். பிறகு தலையை இடது பக்கக் கோபுரத்துக்குத் திருப்பினாள். அம்மா அங்கே இல்லை. வலது பக்கம் பார்த்தாள், அங்கேயும் இல்லை. உதடு பிதுங்கத் தொடங்கியது. "அந்தா பாரு, அந்தா" என்று முகத்தைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினேன். வெயிலில் பழைய சுடிதாரோடு நின்ற அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக் குதித்தாள்.

பாட்டு பாதி வருவதற்குள் தபேலாக்காரர் பார்சலை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்து கிட்டார் சேர்ந்தது. கதிரைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையில் உறையோடு அப்படியே நின்றார்கள். வடை விற்கிறவர் தட்டை ஒரு கதிரையில் இறக்கி வைத்தார். சேலை அக்கா கூடாரத்தை விட்டு வெளியே வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

இரண்டாவது சரணம் வந்தது. அந்த வரி ஏறியது. மேலே போய்ச் சுழன்று, இறங்கப்போகிற இடத்தில் அவள் நின்றாள். அவசரப்படாமல் ஒரு மூச்சு எடுத்தாள். தோள் உயர்ந்து தாழ்ந்ததை நான் பார்த்தேன். எடுத்து, விட்ட இடத்திலிருந்து இறக்கி முடித்தாள். பக்கத்தில் யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிந்ததும் உறை மாட்டுகிற பெண்கள் கைதட்டினார்கள். காலி மைதானத்தில் அந்தச் சின்னச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஆயெத்!" என்று கத்தினார் சவுண்ட்காரர். மறுபடி பாடச் சொல்கிறார்.

"இன்னும் கரகரக்குதா?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

"இல்ல, எல்லாம் சரி" என்றார். "சும்மா பாடுங்க."

மறுபடி பாடினாள். இந்தத் தடவை எந்த இடத்தில் மூச்சு எடுத்தாள் என்பதை நானும் கவனிக்கவில்லை. மகள் என் சட்டைக் கொலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை நிகழ்ச்சியில் அவள் கோரஸ் மட்டுந்தான் பாடினாள். ஏற்பாட்டாளர் பகலில் எங்காவது ஓரமாக நின்று கேட்டிருப்பார், இடம் கொடுப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அவர் அப்போது வாயிலில் யாருடனோ தண்ணீர் லொறிக்காகப் போராடிக்கொண்டிருந்தாராம். வழக்கம்போல் நான் கூடாரத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் பால் கொடுக்க வந்தவளிடம், "மனசு கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. பாடிட்டேனே" என்றாள். பிறகு, "நடுவுல மூச்சு எடுத்தேன், கண்டீங்களா?" என்றாள்.

"கண்டேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு, என்ன?"

அக்கா வாயிலிருந்த பின்னை எடுத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. இப்ப பேசாமப் பிள்ளையைப் பாரு" என்றார்.

ஊருக்கு வந்ததும் வேர்க்குரு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. தொழிற்சாலையில் பால்போத்தல் ஆட்டியவர்கள், கொழும்பு எப்படி, யார் யார் வந்தார்கள் என்று கேட்டார்கள். நான் சொன்னேன். அவள் பாடினாளா என்று கேட்டவர்களுக்கு, ரெண்டு தடவை என்று சொன்னேன்.

சில மாதம் கழித்து மாஸ்டர் மறுபடி கூப்பிட்டார். கொழும்பில் இன்னொரு நிகழ்ச்சி. போனை அவள்தான் எடுத்தாள்.

"வர்றேன் மாஸ்டர். ஆனா என் பாட்டுத்தான் மொதல்ல. அதுக்கப்புறம் எவ்வளவு கோரஸ் வேணும்னாலும் பாடுறேன்."

இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மறுமுனையில் மாஸ்டர் சிரிப்பது எனக்கே கேட்டது. சரி என்றுவிட்டார்.

சொன்னபடியே அவள் பாட்டோடுதான் அந்த நிகழ்ச்சி தொடங்கியது. ஆனால் அதற்குள் மகள் நடக்கப் பழகியிருந்தாள். மேடைக்குப் பின்னால் அவள் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே புகுந்து ஓட, நான் குனிந்து குனிந்து அவளைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்தபோது மேடைக்கு முன்னால் கைதட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்திருந்தது.