அத்தான் கை தூக்கிய ஏலம்

மகேந்திரராஜா என் அக்கா விமலாதேவியின் கணவர், எனக்கு அத்தான். அவரைப் பற்றி மெல்பேண் தமிழ்ச்சனம் இரண்டு கதை வைத்திருந்தது. ஒன்று, பெரிய அமெரிக்கக் கம்பனியில் மேலதிகாரியாக இருக்கும் கெட்டிக்காரர் என்பது. மற்றது, தன்னோடு வேலை செய்த பிள்ளை வாங்கப்போன வீட்டைப் பொறாமையில் ஏலம் கேட்டுக் கெடுத்தவர் என்பது. முதலாவதை 2009 செப்ரெம்பரோடு மறந்துவிட்டார்கள். இரண்டாவதை இன்றைக்கும் பிறந்தநாள் விழாக்களில் ரோல்ஸ் தின்றுகொண்டே பேசுகிறார்கள். அந்த ஏலத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். சொல்லுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. கோபமும் இருக்கிறது.

அத்தான் 1984இல் மாணவராக வந்தவர். முந்தைய ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்துபோக, தகப்பன் மிஞ்சியதைத் திரட்டி, பிள்ளை எஞ்சினியர் ஆகட்டும் என்று அனுப்பினார். பிள்ளை படித்ததென்னவோ எஞ்சினியரிங்தான். ஆனால் கூடப்படித்த நாலு வெள்ளைக்காரப் பெடியன்களோடு சேர்ந்து, சவுத் மெல்பேணில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்யத் தொடங்கிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டு முழுவதும் பாட்டுக் கசற் போன்ற ஒரு கசற்றுக்குள் அடங்கும். அவர்களுடைய முதல் வெற்றி அத்தான் எழுதியது: தபால்காரன் ஒருவன் சைக்கிளில் போவான், மக்பை பறவைகள் அவன் தலையில் கொத்தவரும், நாய் துரத்தும், அவன் கடிதம் போட்டுமுடிக்க வேண்டும். படிக்கிற காலத்தில் வீடுவீடாக விளம்பரத்தாள் போட்டு, மக்பையிடம் உச்சந்தலையில் கொத்து வாங்கிய மனிதர் அவர். அனுபவத்தைச் சும்மா விடவில்லை. இங்கிலாந்தில் அது நன்றாக விற்றது.

எங்கள் வீட்டில் கலியாணம் பேசும்போது அப்பாவிடம் ‘கொம்பியூட்டர் வேலை’ என்று மட்டுந்தான் சொன்னோம். விளையாட்டு என்ற சொல்லைச் சொன்னால் அந்த மனுசன் சாதகத்தைக் கையாலும் தொட்டிருக்க மாட்டார். இங்கத்தைய சனமும் அப்படித்தான். “மகேந்திரராஜா இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாரோ?” என்று அக்காவிடம் கேட்டுச் சிரிப்பார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள்.

2001இல் கலிபோர்னியாவில் இருக்கிற பெரிய கம்பனி ஒன்று அந்த ஐந்துபேரின் கடையை வாங்கியது. கம்பனியின் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். மற்ற நாலுபேரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போனார்கள். அத்தான் வேலையை விட மனமில்லாமல் சம்பளக்காரராக நின்றார். வாசலில் கம்பனியின் பெயர்ப்பலகை ஏறியதுதான் தாமதம், சிரித்த சனமெல்லாம் பிள்ளைகளின் படிப்பு விபரங்களைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது. “விளையாட்டுத்துறைக்கு நல்ல எதிர்காலமாம்” என்று எங்களுக்கே வந்து சொன்னார்கள்!

உள்ளே நடந்தது வேறு. முதல் மாதமே தபால்காரனை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் ஒருவருக்கும் மக்பை தெரியாதாம். வேறு பெயரில் செய்கிறேன் என்றார் அத்தான். தபால்காரனும் சைக்கிளும் நாயும் இனிக் கம்பனியின் சொத்து, தொடக்கூடாது என்றார்கள். பிறகு எட்டு வருடமாகச் செய்ததெல்லாம் சினிமாவுக்கு வால் பிடிக்கிற வேலைதான். அங்கே ஒரு சிறுவர் படம் வெளியாகும்; அதே நாளில் அதன் விளையாட்டும் கடைக்கு வந்துவிட வேண்டும். நன்றாயிருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள், திகதியைத்தான் கேட்பார்கள். ஒருமுறை, “மச்சான், நான் இப்ப செய்யிறதை நானே காசு குடுத்து வாங்கமாட்டன்” என்றார். விடுங்கோ என்றேன். தன் பெடியன்கள் இரண்டுபேரும் பல்கலைக்கழகம் போகவேண்டுமே என்றார்.

அவர் வேலைக்கு எடுத்த தமிழ்ப்பிள்ளைகளில் தாட்சாயினி ஒருத்தி. கெட்டிக்காரி; அவர் சிபாரிசில் வரவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. ஆனாலும் அவளுடைய தகப்பன் சச்சிதானந்தன், டண்டினோங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நின்றபடியே முதுகு தேய்ந்த மனிதர், கோயிலில் கண்டால் அத்தானின் கையைப் பிடித்துக்கொள்வார். வந்தநாள் தொட்டு வாடகைவீடு. இப்போது மகளின் சம்பளத்தை நம்பி வங்கி கடன் தருகிறது. முற்பணத்துக்கு அவருடைய சேமிப்பு இருக்கிறது. முதல்வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவி அந்த மாதக் கடைசியோடு குறைகிறது. நோபிள் பார்க்கில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஏலம்.

அதற்கு முதல்நாள் வெள்ளி மத்தியானம், கலிபோர்னியாவிலிருந்து பறந்துவந்த இரண்டுபேர் அத்தானை நகரத்து ஹொட்டல் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை மெல்பேண் அலுவலகத்தை மூடுகிறோம் என்றார்கள். ஆஸ்திரேலிய டொலர் ஏறிவிட்டதாம், இங்கே செய்வது கட்டுப்படியாகவில்லையாம். திங்கள்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது, விட்டால் அவருக்குச் சேரவேண்டிய நட்டஈடு கிடையாது என்று எழுதிய தாளை நீட்டினார்கள். அத்தான் கையெழுத்து வைத்தார். இரண்டு நாளுக்கு முன்னால்தான், இதே கம்பனியின் பேச்சை நம்பி, அடுத்த விளையாட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார். அவரையே ஊதுகுழலாக வைத்து ஊதியிருக்கிறார்கள்!

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று மாலை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனபோது அவர் முகம் செத்துப்போயிருந்ததை மட்டும் கண்டேன். சச்சிதானந்தன் குடும்பம் வீட்டுக்காக அர்ச்சனை செய்துவிட்டு நின்றது.

“நாளைக்கு நீரும் வந்து நில்லும் மகேந்திரா. உம்மாலதான் எங்களுக்கு இந்த வீடு” என்றார் அவர்.

“அவசரப்படாதேங்கோ சச்சி அண்ணை. அடுத்த கிழமை வேற வீடு பாக்கலாம்.”

“ஏன், இதுக்கென்ன?”

அத்தான் திணறினார். “வாசல் தெற்குப் பக்கம். குசினியும் பிழையான மூலையில கிடக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டுக்கே வாஸ்து பார்க்காத மனிதர்! ஐயர் பார்த்து நல்லதென்று சொல்லிவிட்டார் என்றார் சச்சிதானந்தன். உடனே அத்தான் ரயில் சத்தம் என்றார், கறையான் என்றார். சொல்லச் சொல்லச் சச்சிதானந்தனின் முகம் கறுத்தது. எங்கள் சனத்தில் ஒருவர் வீடு வாங்கும்போது இன்னொருவர் குறை சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தந்தான்.

“நீர் நாலு அறை வீடு கட்டேக்க நான் வந்து குறை சொன்னனானோ?” என்று கேட்டுவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அத்தான் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு நோபிள் பார்க்குக்குப் போனார். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். மெல்பேணில் வீடு ஏலத்தில் போனால், சுத்தியல் விழுந்த இடத்திலேயே கையெழுத்து, பத்தில் ஒரு பங்கு முற்பணம். பிறகு வங்கி கைவிட்டால் முற்பணம் திரும்பாது. சச்சிதானந்தனின் முதுகெலும்பை உருக்கிய காசு அது.

“சொல்லிப்போடுங்கோ அத்தான்.”

“சொன்னா இருபத்துமூண்டு வருச நட்டஈட்டுக் காசு போயிடும். எனக்கும் திங்கள் வேலை இல்லை. உன்ர அக்காவுக்கு என்னத்தைச் சொல்ல?”

“அப்ப நான் சொல்லுறன்.”

“நீ சொன்னாலும் நான் சொன்னதுதான். பிள்ளையிட்டக் கதைச்சுப் பாப்பம்.”

வீட்டு வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். எங்கள் ஆட்களும் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அத்தான் தாட்சாயினியைத் தனியே கூப்பிட்டு, இந்தத் தொழிலில் எதுவும் நடக்கலாம், பெரிய கடன் எடுக்காதே என்றார். அவள் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: அடுத்த இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கிறதென்று புதன்கிழமை நீங்கள்தானே அங்கிள் சொன்னீர்கள்?

ஏலம் தொடங்கியது. சச்சிதானந்தனும் ஒரு வியட்நாமியத் தம்பதியும் மாறிமாறிக் கேட்டார்கள். வியட்நாமியர் நாலு லட்சத்து ஐயாயிரம் என்றதும் சச்சிதானந்தன் நின்றார். ஏலக்காரன் இடைவெளி விட்டான். அவனுடைய உதவியாள் சச்சிதானந்தனிடம் ஓடிப்போய்க் காதில் குசுகுசுத்தான். அவர் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் நகராமல் இன்னும் ஒட்டிநின்று குசுகுசுத்தான். மகள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

“ஏத்தப்போறார் மச்சான், ஏத்தப்போறார்” என்றார் அத்தான். நான் பிடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டார். “நாலு லட்சத்து இருபதாயிரம்!”

சச்சிதானந்தனுக்கு எட்டாத உயரத்தில் விலையை வைத்துவிட்டால் அவர் போய்விடுவார், வியட்நாமியர் தனக்கு மேலே கேட்டு வீட்டை எடுத்துக்கொள்வார்கள் என்பது அத்தானின் கணக்கு. வியட்நாமியர் ஒருவரையொருவர் பார்த்தார்கள், காருக்கு நடந்தார்கள். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. சச்சிதானந்தன் அத்தானைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“இதுக்குத்தானோ வாசல் தெற்கு எண்டனீர்?” என்று கத்தினார். மகள் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, “இருபத்தையாயிரம்!” என்றார்.

அத்தானுக்கு அப்போதுதான் எல்லாம் விட்டுப்போயிற்று. கூட்டத்துக்கு நடுவே தமிழில் கத்தினார். “சச்சி அண்ணை, விடுங்கோ! திங்கட்கிழமை கம்பனியை மூடுறாங்கள்! பிள்ளைக்கு வேலை இல்லை! எனக்கும் இல்லை!”

சச்சிதானந்தன் சிரித்தார்.

“வேலை இல்லாத ஆள்தான் நாலு லட்சத்துக்கு வீடு கேக்கிறீரோ? வீடு வேணுமெண்டா காசைக் காட்டும். கதை விடாதையும்!”

வந்திருந்த எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். ஏலக்காரன் அத்தானை மூன்றுதரம் பார்த்தான். இன்னொருதரம் கேட்டால் வீடு அத்தான் தலையில் விழும். திங்கட்கிழமைக்குப் பிறகு அவரிடம் என்ன இருக்கிறது? கை மேலே போகவில்லை. சுத்தியல் விழுந்தது.

திங்கள் காலை அறுபத்தெட்டுப்பேரை நிற்கவைத்து ஒரு தாளை வாசித்தார்கள். எல்லோரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்களாம். சனிக்கிழமை அவர் கத்தியது தொலைபேசி தொலைபேசியாகத் தாவிக் கம்பனியின் காதுக்கும் போயிருந்தது. சட்டப்படி கொடுக்கவேண்டிய சில்லறையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வெட்டினார்கள். கலிபோர்னியாக்காரர் இரண்டுபேரும் அன்று பின்னேரமே விமானம் ஏறினார்கள். சனம் கோபப்பட அவர்கள் இங்கே இல்லை, அத்தான் இருந்தார். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தவர் என்றார்கள். கம்பனிக் காசில் வீட்டை அமுக்கப் பார்த்தவர் என்றார்கள். நட்டஈடு போய்விட்டது என்று அக்கா சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. வங்கி கடனை நிறுத்தியது. சச்சிதானந்தனின் முற்பணம் போனது போனதுதான். வீட்டை மறுபடி ஏலத்தில் விட்டார்கள்.

டிசம்பரில் தாட்சாயினி அக்கா வீட்டுக்கு வந்தாள். பரமட்டாவில் ஒரு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது, சிட்னிக்குப் போகிறேன், போட்டு வாறன் என்று சொல்ல வந்திருந்தாள். ஏலத்துக்குப் பிறகு அந்தப் படியேறிய ஒரே ஆள் அவள்தான். நல்ல பிள்ளை.

அத்தான் அவளுக்கு முன்னால் கதிரையில் குனிந்திருந்தார். “அப்பாவுக்குச் சொல்லு பிள்ளை. நான் வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கேக்கேல்லை. அவர் ஏத்தப்போறார் எண்டு பயந்து, தடுக்கத்தான் கேட்டனான்.”

“எனக்குத் தெரியும் அங்கிள்.” அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஆனா, அப்பா நிப்பாட்டிட்டார். நாலு லட்சத்துக்கு மேல போறேல்லை எண்டு வீட்டிலயே முடிவெடுத்துத்தான் வந்தனாங்கள். அந்த ஏஜென்ற் போகாமல் நிண்டு கரைச்சல் குடுத்தவன். சரிவராது, வேற வீடு பாப்பம் எண்டு அப்பா ரெண்டுதரம் சொல்லிட்டார். அப்பதான் நீங்கள் கையைத் தூக்கினனீங்கள்.”

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் அண்டைக்கு வராமல் வீட்டில படுத்திருந்தா?”

“அம்மா அழுதிருப்பா. நாங்கள் வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருப்பம், அங்கிள்.”