கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

எஞ்சின் விஷயத்தில் நான் யாருக்கும் தலைவணங்கியதில்லை. செம்மேட்டுக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் எண்ணெய் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கும் ஓடை ஆழப் பள்ளத்தில் கிடந்தது. அவ்வளவு பெரிய இரும்பை அங்கே இறக்க வழியில்லை. அதனால் எஞ்சினை மேலே வைத்துக்கொண்டு, மின்சாரத்தை மட்டும் கீழே அனுப்பினோம்.

"எண்ணெய் எரியறது இங்க, தண்ணி ஏறறது அங்க. அதெப்படிங்க?" என்று கேட்டார் பக்கத்துக் காட்டுக்காரர். சொல்ல எனக்குக் கசக்குமா? அழுத்தத்தில் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீச்சினால் குப்பென்று பற்றும். அந்த வேகம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தில் மாட்டிய பெல்ட் டைனமோவைச் சுற்றும். அங்கே காந்தத்துக்கு நடுவில் செம்புக் கம்பி சுழன்றால் கரண்ட் பிறக்கும். அது கம்பி வழியாக இறங்கிப் போய்ப் பள்ளத்து மோட்டாரை ஓட்டும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் டீசல் வருவது நின்றுபோனது. நாற்றங்காலில் காப்பி நாற்றுகள் வாடின. பெண்கள் பழையபடி பள்ளத்திலிருந்து குடம் சுமந்தார்கள். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி, பிள்ளைத்தாய்ச்சி. போகாதே என்றேன்.

"நாத்து காஞ்சு போச்சுன்னா இங்க நமக்கென்ன வேலைங்க?" என்றாள்.

அவள் மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. எஞ்சின்காரன் பெண்டாட்டி குடம் சுமப்பதா?

அடிவாரத்துச் செக்குகளில் கடலை எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. முதலாளியிடம் இரண்டு டின் கேட்டேன்.

"எஞ்சின் கெட்டுச்சுன்னா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மலையெறங்கிரு" என்றார்.

"கெடாதுங்க."

மிச்சமிருந்த டீசலில் எஞ்சினைக் கிளப்பி, நன்றாகச் சூடேறியதும் வடிகட்டிய கடலை எண்ணெய்க்கு மாற்றினேன். இருமியது, கரும்புகை கக்கியது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு எஞ்சின் கொட்டகை வாசலில் நின்றார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் சீரானது. புகைக்குழாயிலிருந்து வடை சுடுகிற மணம் வந்தது.

பக்கத்துக் காட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ஊட்டுல என்ன விசேசம்?"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சுவிட்சைத் தள்ளிவிட்டுப் பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினேன்.

கீழே என் மனைவி நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். மோட்டார் சத்தம் கேட்டதும் நின்றாள். மேலே என்னைப் பார்த்தாள். குடத்து நீரை ஓடையிலேயே கவிழ்த்தாள். காலிக் குடத்தைக் கரையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.